புகை எங்கே போகும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, ஈப்போவிலிருந்து நேராகச் சுங்கை சிப்புட்டுக்குக் காரை விட்டேன். அம்மா அப்பாவுக்கு ஒரு வீடு பார்த்திருந்தோம். மாடியில்லாத தொடர் வீடு, இருபது வருடப் பழசு, சப்-சேல். விலை கட்டுப்படியானது. கோயிலுக்கும் சந்தைக்கும் அப்பா நடந்தே போய் வரலாம்.

ஏஜெண்டுத் தம்பி நல்ல பேச்சாளர். என் வேலைக்கே உலை வைத்துவிடுவார் போலிருந்தது. கிரானைட் மேடை, பளபளக்கும் கேபினெட், அடுப்புக்கு மேலே பெரிய ஹூட். பின்புறத் திறந்தவெளியையும் மூடி, கூரை போட்டு, துணி துவைக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா எதையும் பாராட்டவில்லை. குனிந்து அடுப்புக்குக் கீழிருந்த கேபினெட் கதவைத் திறந்தார். உள்ளே கேஸ் தோம்பு. பிறகு பின்பக்கம் போய், சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"இது என்னய்யா?"

"சுடுதண்ணி ஹீட்டர்மா. கேஸ்ல ஓடுது."

"அப்போ உள்ள நெருப்பு எரியுமே. புகை எங்கய்யா போகும்?"

ஏஜெண்டுத் தம்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அம்மா லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். விறகடுப்புக் காலம். சமையற்கட்டுச் சுவர் கூரையைத் தொடாது. புகை போக இடைவெளி விட்டிருப்பார்கள். தாத்தாவுக்கு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. நாள்கணக்கில் நெருப்பை அணையவிடாமல், புகையைக் கூட்டியும் குறைத்தும் கூரைத் திறப்பு வழியாக வெளியே விடவேண்டும். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் புதுச் சமையலறையைப் பார்த்ததும் முதலில் தோன்றிய கேள்வி அதுதான். மீடியா படித்த எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஹீட்டரை மாட்டியபோது அது திறந்தவெளியில்தான் இருந்திருக்கும். அப்போது தவறில்லை. பிறகு வீட்டை நீட்டியவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். வெளியே போன கழிவு வாயு இப்போது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. பக்கத்துக் கதவைத் திறந்தால் குளியலறை.

கேஸ் எரிய நிறையக் காற்று வேண்டும். போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். தாழ்ப்பாள் போட்ட குளியலறையில் மயங்கி விழுந்தால் வெளியே யாருக்குத் தெரியும்? குளிர்காலம் வந்தால் இந்தியப் பத்திரிகைகளில் கேஸ் கீசர் மரணச் செய்திகள் வருவது இதனால்தான்.

கேபினெட்டுக்குள் இருந்த தோம்பு வேறு வகை ஆபத்து. நம் சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். அதனால்தான் நாற்றமடிக்கும் ஒரு பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். ஆனால், அடியில் காற்றோட்டம் இல்லாத கேபினெட்டை மூடிவைத்தால் அந்த நாற்றமும் உள்ளேயே அடைபட்டிருக்கும். அழகுக்காகத் தோம்பை ஒளித்து வைப்பது நம் ஊரில் இப்போது ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது. திட்டுவதற்கு எனக்கும் தகுதியில்லை; என் வாடகை வீட்டிலும் தோம்பு அப்படித்தான் இருந்தது.

அன்றிரவு இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் அக்காவிடம் பேசினேன். அவர்கள் வாங்கிய பழைய வீட்டில் வரவேற்பறையில் கேஸ் கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள ஒருவரை அழைத்து, புகைபோக்கிக்குள் புகை விட்டு, அது மேலே இழுக்கிறதா, அறைக்குள் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்களாம். அங்கே வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஆண்டுதோறும் கேஸ் சோதனை கட்டாயம். விற்கும் வீட்டுக்கு இல்லை. வாங்குபவர்தான் கேட்டு வாங்கவேண்டும்.

நம் நாட்டில் கணப்பைப் பார்க்கக் கேமரன் மலைக்குத்தான் போகவேண்டும். ஆனால் கேள்வி ஒன்றுதான். அதை இங்கே யார் கேட்கிறார்கள்? வழக்கறிஞர் கிராண்டைப் பார்ப்பார். வங்கியின் மதிப்பீட்டாளர் சதுர அடியைப் பார்ப்பார். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால் 24 மாதம் குறைகளைச் சரிசெய்து தருவார்கள். சப்-சேல் வீடு பெரும்பாலும் 'இருக்கிறபடியே' விற்கப்படுவது. சாவி கைக்கு வந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

மறுவாரம் நாங்கள் மறுபடியும் போனோம், ஒரு கேஸ் குத்தகையாளரோடு. தேடும்போது எரிசக்தி ஆணையத்தில் பதிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரிலும் குழாயிலும் சிரிம் முத்திரை உண்டா என்று பார்த்தார். குழாயை வளைத்ததும் வெடிப்பு தெரிந்தது. இரண்டு ஆண்டுக்கொரு முறை குழாய், ஐந்து ஆண்டுக்கொரு முறை ரெகுலேட்டர் மாற்றுவது நல்லது என்றார். சவர்க்காரத் தண்ணீரைத் தடவினார். இணைப்பில் குமிழி கிளம்பியது. அடுப்பைப் பற்ற வைத்தால் சுடர் நீலமாக இல்லை, மஞ்சளாக ஆடியது. நாற்காலி போட்டு ஹூட்டின் குழாயைத் தேடினால், அது சீலிங்குக்கு மேலேயே முடிந்துவிட்டது. இத்தனை வருடச் சம்பால் புகையும் கூரைக்குள்தான் போயிருக்கிறது!

பின்பக்கக் கட்டடத்துக்கு நகராண்மைக் கழகம் அங்கீகரித்த வரைபடம் உண்டா என்று கேட்டேன். வீட்டுக்காரர் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தும் கொடுத்தார். நல்ல மனிதர். ஹீட்டரைப் பற்றிச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து குளித்த வீடு. விலையில் 2,000 வெள்ளி குறைத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் பின்சுவரில் காற்றுக்கற்கள் வைத்தோம். ஹூட் குழாயை வெளியே நீட்டினோம். கேஸ் ஹீட்டரைக் கழற்றிவிட்டு மின்சார ஹீட்டர் மாட்டினோம். தோம்பு இப்போது வெளிச்சுவர் ஓரம், நிழலில் நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. அப்பா அவசரப்படுத்தினார். அம்மா கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சவர்க்கார நுரையோடு வெளியே போய், ரெகுலேட்டரைச் சுற்றித் தடவி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குமிழி இல்லய்யா. அடுப்பைப் பத்த வை."