மனைவிக்கு ஒரு துப்பாக்கி

"வீட்டிலே மனைவி தனியாக இருக்கிறாள். அவளுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? ரைபிளா, இரட்டைக் குழலா? 315 போரா, 22 போரா?"

கொங்கு நாட்டில் தோட்டத்து வீடு உள்ள ஒரு நண்பர் என்னிடம் இப்படிக் கேட்டார். கதை எழுதுகிறவனிடம் துப்பாக்கிக்கு யோசனை கேட்பானேன் என்று வாசகர்கள் சிரிக்க வேண்டாம். ஒரு நாவலுக்காக நான் வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி ஆறு மாதம் விசாரித்து அலைந்தது அவருக்குத் தெரியும். கேள்வி அவர் ஒருவருடையதும் அல்ல. அவரைப் போன்றவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போது இதே பேச்சுத்தான்.

இந்தப் பயத்தை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடத்துக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே, 2025-ல், சிவகிரிப் பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதிக்கும் அதே கதி நேர்ந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அடுத்த வீடு இல்லாத இடங்கள் அவை. அங்கே இருட்டுகிறபோது ஒரு பெண் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள் என்றால், அது கோழைத்தனம் இல்லை, புத்தி. பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் புருஷர்கள் தேடுகிற மருந்தோடுதான் எனக்குச் சண்டை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், விஷயம் தெரியாமல் தர்மோபதேசம் பண்ணுகிறான் என்பார்கள்.

315 போர் என்பது ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு செய்தால் அதில் 315 கூறு. வெள்ளைக்காரன் தன் பட்டாளத்து 303 ரவை குடிகள் கையில் போகக் கூடாதென்று தடுத்து வைத்திருந்தான். அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு வந்த அளவு இது. ரவைதான் வேறு, அதைச் சுடுகிற யந்திர அமைப்பு அதே லீ-என்ஃபீல்டு பட்டாளத் துப்பாக்கியின் வம்சம். மூன்று கிலோவுக்கு மேல் கனம். ஒரு முறை சுட்டால், அடுத்த ரவைக்குத் தாழை உயர்த்தி, இழுத்து, தள்ளி, மறுபடி பூட்ட வேண்டும். கிட்டத்தட்ட 16 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் புறப்படும். தடுப்பார் இல்லையென்றால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழும். காட்டுப் பன்றிக்கு இது சரி. பத்தடி நீளமுள்ள நடையில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில், நடுங்குகிற கைக்கு இது எப்படிச் சரியாகும்? மரக் கதவும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் இந்தக் குண்டுக்குக் காகிதம். தகடு போட்ட கொட்டகையில் யார் படுத்திருக்கிறார்கள்? தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பமும் அதன் குழந்தைகளும்.

22 போர் கையை உதைக்காது. பெண்கள் சுலபமாகச் சுடலாம் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அதன் குண்டு இரண்டரைக் கிராம்தான். ஆளைக் கொல்லவும் செய்யும். ஆனால் பாய்ந்து வருகிறவனை அந்தக் கணமே நிறுத்தும் என்று சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டைக்கு உள்ள குறுக்களவுதான் அந்தக் குழலின் அளவு. வீட்டுக்குள் அதுதான் பேசும். அதுவும் தோளை உதைக்கும். பழகாதவள் இரண்டாவது குழலைச் சுடவே தயங்குவாள். நம் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் சொந்தப் பாதுகாப்புக்கென்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரியில்லாத குழலைத்தான். 22 போர் ரைபிளை அது, சங்கங்களில் குறி பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஒதுக்கியது.

ஆகவே, ரைபிளா என்றால் வேண்டாம். ஏதாவது ஒன்று வேண்டித்தான் தீரும் என்றால் 12 போர். கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்தது. கேட்காத கேள்விகள் இனிமேல்தான்.

துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள், ஐயா? பீரோவில் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி, சாவிகளை வேறிடத்தில் வைத்தால் குழந்தைக்கு ஆபத்தில்லை, திருடனுக்கும் ஆபத்தில்லை. கதவு உடைகிற சத்தம் கேட்ட பிறகு சாவி தேடுகிறவளுக்கு 315 போரும் ஒன்று, துடைப்பக்கட்டையும் ஒன்று. ரவை போட்டுத் தலைமாட்டில் வைத்தாலோ, திருடனுக்கு வருஷத்தில் ஓர் இரவில் உள்ள ஆபத்து, உங்கள் ஏழு வயதுப் பையனுக்கு முந்நூற்று அறுபத்தைந்து பகலும் உண்டு. அளவு எதுவானாலும் இந்த முடிச்சு அவிழாது. அதனால்தான் ஆண்கள் அளவைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், சுகமாக இருக்கும்.

இன்னொன்று. எதிரி எப்போதும் வெளியிலிருந்துதான் வருவான் என்று யார் சொன்னது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவன் கையால் அடியோ பலாத்காரமோ பட்டிருக்கிறார்கள் என்று சொல்லுகிறது. வீடு வீடாகப் போய், பெண்களையே கேட்டு எழுதிய கணக்கு இது. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் இதற்கும் ஒரு படி மேலே போய்ப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களின் கதியை ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியிட்டார்கள். துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட அவர்கள் கொலையுண்டு சாவது ஏறத்தாழ இரு மடங்கு. துணைவரின் குண்டுக்கே இரையாவது ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கலிபோர்னியா வேறு, காங்கேயம் வேறு என்பீர்கள். ஊர்தான் வேறு. கோபம் வந்த புருஷனின் கைக்கும் பீரோவுக்கும் உள்ள தூரம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

நம் சர்க்காரும் இந்த மருந்தை விற்றுப் பார்த்தது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் சிதைக்கப்பட்டாள். அவளுக்குப் பத்திரிகைகள் இட்ட பெயரை நினைவூட்டுகிற மாதிரி 'நிர்பீக்' என்று நாமகரணம் செய்து, 2014-ல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ஒரு 32 போர் ரிவால்வரைப் பெண்களுக்கென்றே வெளியிட்டது. அரைக் கிலோ கனம். நகைப் பெட்டி போன்ற அழகான பெட்டி. விலை சுமார் 1,22,000 ரூபாய். ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்களில் எத்தனை பேர் ஒன்றேகால் லட்சத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள்? பஸ்ஸை ஒழுங்காக ஓட்டுவிக்க வேண்டியவர்கள் ரிவால்வர் விற்கப் புறப்பட்டது, கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் நீச்சல் உடுப்பு விற்றதற்குச் சமானம்.

"பெண் கையில் ஆயுதம் கூடாதென்கிறாயா? வேலுநாச்சியார் பிறந்த மண்ணப்பா இது!" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். கூடாதென்று நான் சொல்லவில்லை. வேலுநாச்சியார் ஆயுதப் பயிற்சி பெற்று வளர்ந்தவர். களத்தில் இறங்கினபோது படையோடு இறங்கியவர். தீபாவளிக்குப் புடைவை எடுத்துக் கொடுப்பதுபோல யாரும் அவருக்கு வாளை வாங்கிக் கொடுத்துவிட்டு வியாபாரத்துக்குப் போய்விடவில்லை. குடகைக் காட்டுகிறவர்களும் உண்டு. குடகர்களுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் அதை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டினார்கள். ஆனால் அங்கே வருஷா வருஷம் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூஜை நடக்கிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் வளர்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கடையில் விற்பதில்லை.

நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "லைசென்ஸ் யார் பேரில்?"

"என் பேரில்தான். அவளுக்கு எதற்குக் கலெக்டர் ஆபீஸ் அலைச்சல்?"

பாருங்கள் வேடிக்கையை! லைசென்ஸ் இவர் பேரில். இவர் இருப்பது திருப்பூரில். துப்பாக்கி இருப்பது தோட்டத்தில். சுட வேண்டியவள் அவள். லைசென்ஸ் இல்லாதவள் கையில் அது இருந்தால் சட்டத்தின் முன்னே குற்றவாளி யார்? பூட்டை உடைத்தவன் மட்டுமா? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதையும் தற்காப்புரிமையைக் கொடுக்கத்தான் செய்கிறது. உயிருக்கு அஞ்ச நேர்ந்தாலும், இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தாலும், கொல்லுகிற அளவுக்குக்கூட அந்த உரிமை போகும். ஆனால் முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் அது தற்காப்பில்லை. நிற்பவனா ஓடுபவனா, கள்வனா பண்ணையத்து ஆளா என்பதை அரை நொடியில் இருட்டில் தீர்மானிக்கிற பாரத்தை அவள் தலையில் ஏற்றுகிறீர்களே, அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு எதுக்குங்கண்ணா துப்பாக்கி? களத்து மேட்டுல ரெண்டு விளக்குப் போடச் சொல்லி ரெண்டு வருசமாச் சொல்லீட்டு இருக்கறேன். பின் கதவுத் தாழ் ஆடுது. இவரு நான் போன் பண்ணுனா எடுத்தாப் போதும். எட்டு மணிக்கு ஊடு வந்து சேர்ந்தா இன்னும் நல்லதுங்க."

விளக்கு, தாழ்ப்பாள், எடுக்கப்படுகிற டெலிபோன், வீடு திரும்புகிற புருஷன்! எந்தத் துப்பாக்கிக் கடைக்காரரும் இந்த நாலு தோட்டாவை விற்க மாட்டார். இதோடு குரைக்கிற நாயும், அடுத்த தோட்டத்தோடு சண்டையில்லாத உறவும், 112-ஐக் கூப்பிட்டால் வந்து நிற்கிற போலீஸும் வேண்டும். போலீஸ் ரோந்து தோட்டத்துப் பாதைக்கு வரவில்லையென்றால், பத்துப் பேர் சேர்ந்து போய் அதிகாரியின் முன்னால் உட்கார வேண்டும். அவனவன் ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு அவனவன் கதவைச் சாத்திக்கொள்வது, சர்க்காருக்கு நாமே எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம்.

இத்தனைக்கும் பிறகு அவளே, தன் வாயால், "எனக்கு ஒன்று வேண்டும்" என்று சொன்னால், அப்போது குறுக்கே நிற்க உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. லைசென்ஸை அவள் பேரில் எடுங்கள். பயிற்சிக்கு அவளே போகட்டும். சாவி அவளிடமே இருக்கட்டும். உங்களுக்குக்கூடக் கிடைக்காத இடத்தில் இருக்கட்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிற புருஷன் மட்டும் என்னிடம் வரட்டும். எந்தப் போர் என்பதை அவனோடு உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறேன்.