குனியணுமா, நிமிரணுமா? மருத்துவச் சீட்டு தமிழில் பேசட்டும்

திருப்பனந்தாள் அருணஜடேசுவரர் கோயில் கதை தஞ்சைப் பக்கம் பலருக்கும் தெரியும். தாடகை என்ற பக்தை மாலை சாத்தக் கை தூக்கியபோது ஆடை நெகிழ, அவளுக்காக லிங்கம் சாய்ந்து கொடுத்ததாம். சோழ மன்னன் யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிராத லிங்கம், குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்ததும் நிமிர்ந்தது என்கிறது பெரியபுராணம்.

சாய்ந்ததை நிமிர்த்துவது இந்த ஊரில் மனிதர்களுக்கும் பெரும்பாடுதான். நாற்று நடும் பெண்கள் சேற்றில் மணிக்கணக்கில் குனிந்தபடியே பின்னால் நகர்கிறார்கள். லேப்டாப் முன் கூன்போட்டு உட்காரும் நமக்கும் அதே முதுகுவலி. மருத்துவரிடம் போனால், பயிற்சிச் சீட்டில் 'ஃபிளெக்‌ஷன்', 'எக்ஸ்டென்ஷன்' என்று இருக்கும்.

அப்படின்னா என்ன?

ஃபிளெக்‌ஷன் என்றால் மடக்குவது. மூட்டில் கோணம் குறையும். எக்ஸ்டென்ஷன் என்றால் நீட்டுவது. முதுகைப் பொறுத்தவரை முன்னால் குனிவதும், நிமிர்ந்து பின்னால் வளைவதும். அப்டக்‌ஷன் என்றால் கையையோ காலையோ உடம்பின் நடுக்கோட்டிலிருந்து விலக்குவது. அடக்‌ஷன் என்றால் நடுக்கோட்டை நோக்கிச் சேர்ப்பது. காதில் விழும்போது ஒரு 'ப்'தான் வித்தியாசம்! 'சூப்பைன்' என்றால் மல்லாந்து, 'ப்ரோன்' என்றால் குப்புற.

மாறிப்போனால் என்ன ஆகும்?

டிஸ்க் பிதுங்கிய பலருக்குப் பின்னால் வளையும் பயிற்சி இதம் தரும். தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கோ பெரும்பாலும் குனிந்தால்தான் வலி குறையும். யாருக்கு எது என்பதை மருத்துவர் சரியாகவே சொல்லியிருப்பார். சொல் புரியாமல் மாற்றிச் செய்தால் வலி கூடும்.

தமிழில் சொல்ல முடியாதா?

19ஆம் நூற்றாண்டிலேயே முடிந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறியல் நூலையும் தமிழில் கொண்டுவந்தார்.

பயிற்சிச் சீட்டுக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை. குனி, நிமிர், மல்லாந்து படு, குப்புறப் படு, ஒருக்களி, விலக்கு, சேர் என்று வீட்டில் புழங்கும் சொற்களே துல்லியமாக இருக்கின்றன. மருத்துவமனைகள் அவற்றை, பக்கத்தில் ஒரு படத்தோடு, அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

அதுவரை நாம் ஒன்று செய்யலாம். அம்மாவையோ பாட்டியையோ அழைத்துப் போகும்போது, எழுந்து வருவதற்கு முன் கேட்டுவிடுவோம்: "டாக்டர், இது குனியறதா, நிமிர்றதா?"