'லிங்க் மட்டும்தானே போட்டேன்' என்று தப்பிக்க முடியுமா?

ஊர் குரூப், சங்க குரூப், பழைய மாணவர் குரூப் என எங்கே சண்டை வந்தாலும் முதலில் வரும் பதில் இது: "நான் எழுதல, லிங்க் மட்டும்தானே போட்டேன்!" குரூப்பில் இருக்கும் ஒருவரையே கேவலப்படுத்தும் பக்கத்தின் லிங்க்கை அங்கேயே பகிரலாமா? தடுத்தால் கருத்துச் சுதந்திரம் போய்விடுமா?

பகிர்ந்தவருக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய பதிவை 2018 ஏப்ரலில் நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்ததாகவும், உடனே நீக்கி மன்னிப்புக் கேட்டதாகவும் வாதிட்டார். வழக்குகளை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பு மாதிரி, விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அட்மின் சிக்குவாரா?

உறுப்பினரோடு கூட்டு நோக்கம் இல்லையென்றால், அட்மின் என்பதற்காக மட்டும் வழக்கில் சேர்க்க முடியாது என 2021 டிசம்பரில் மதுரைக் கிளை சொன்னது. சட்டம் விடலாம். ஆனால் குரூப்பில் அவமானப்பட்டு நிற்பவருக்கு அது ஆறுதல் ஆகாது.

அப்போ எல்லாத்தையும் தடுத்துவிடலாமா?

கூடாது. அதன் விலை தூத்துக்குடிக்குத் தெரியும். 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுப்பது அரசு சொன்ன காரணம். ஆனால் உண்மைச் செய்தி வரும் வழியும் சேர்ந்தே அடைபட்டது.

கோடு எங்கே?

தடுக்க வேண்டியது தாக்குதலை. படகு சங்க நிர்வாகியின் கணக்கு வழக்கைக் கேள்வி கேட்கும் கட்டுரை, அவருக்கு எவ்வளவு கசந்தாலும் குரூப்பில் இருக்கலாம். அவர் வீட்டு முகவரியை, மகளின் போட்டோவைப் போட்டு வசைபாடும் பக்கம் இருக்கக் கூடாது. ஒரு தளத்தில் ஒரு பக்கம் மட்டும் மோசம் என்றால் அந்த லிங்க் போதும். ஆளைத் துரத்துவதே பிழைப்பு என்றால் தளத்தையே தடுக்கலாம்.

அட்மின் செய்ய வேண்டியது

நீக்கும் முன் லிங்க், நேரம், அனுப்பியவர் எண் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் தனியாகக் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அதுதான் ஆதாரம். உதவிக்கு 1930. அதற்குப் பிறகு நீக்குங்கள். காரணத்தைக் குரூப்பிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள். சொல்லாமல் நீக்கினால், அடுத்த சண்டை அதைப் பற்றித்தான் இருக்கும்.