கீறப்படும் மரமும் சுவாங்சுவின் கவலையும்

சீனத்து ஞானி சுவாங்சு ஒரு மரத்தின் பொருட்டுக் கவலைப்பட்டிருக்கிறார். பயன்படுகிறது என்ற ஒரே காரணத்தால் அம்மரம் கத்திக்கு இரையாகிறது என்பது அவர் கருத்து. பயனற்ற மரமே நெடுநாள் வாழும் என்று அவர் வேறிடங்களிலும் கூறுவதுண்டு. அவரே 'அரக்குத் தோட்டம்' என்ற இடத்தில் சிறு அலுவலராக இருந்தவர் என வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். (அது வெறும் ஊர்ப்பெயரே என வாதிடுவாரும் உளர்.) ஞானியின் கூற்று பொதுவில் எவ்வளவு ஆழமானதாயினும், இந்த ஒரு மரத்தின் அளவில் நாம் அவரோடு முரண்பட வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் மொழியில் அரக்கு என்பது பூச்சி சுரக்கும் பிசின்; பாரதக் கதையின் அரக்கு மாளிகை அதனால் ஆனது. கிழக்காசியப் பளபளப்புப் பொருள்களைக் கண்ட ஐரோப்பியர், தாம் முன்பே அறிந்த இந்திய அரக்கின் பெயரையே அவற்றுக்கும் சூட்டிவிட்டனர். ஜப்பானியரின் 'உருஷி'யோ மரத்தின் பால். ஆகவே இங்கு உருஷி என்றே எழுதுகிறோம்.

மரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையின் சாறு பட்டால் தோல் எப்படிப் புண்ணாகும் என்பதை நம் முந்தைய தலைமுறையினர் அறிவர். உருஷிப் பாலும் அவ்வாறே தோலைக் கொப்பளிக்கச் செய்யும். இருபது மீட்டர் வரை உயரும். ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. கூட்டிலைகள் இலையுதிர்காலத்தில் நிறம் மாறி உதிரும். கனியிலிருந்து முன்பு மெழுகு எடுத்தனர்.

வியப்பு அப்பால் உலரும் விதத்தில் இருக்கிறது. ஈரத்தை இழந்து உலர்வது பிற பூச்சுகளின் இயல்பு. உருஷியோ ஈரக்காற்றில்தான் இறுகும். பாலிலுள்ள ஒரு நொதி காற்றின் உயிர்வளியைக் கொண்டு அதை இறுக்குகிறது. அதற்கு ஈரப்பதம் வேண்டும். 1883இல் ஜப்பானிய வேதியியலர் யோஷிதா ஹிகோரொகுரோ இதை விளக்கினார். அந்நொதிக்குப் பின்னர் 'லாக்கேஸ்' எனப் பெயர் வந்தது. இறுகிய பூச்சை நீரும் அமிலமும் எளிதில் அசைப்பதில்லை. வெயில் மட்டுமே அதன் பகை.

இனி கத்திக்கு வருவோம். ஜப்பானில் கிடைக்கும் உள்நாட்டு உருஷியின் பெரும்பகுதி இவாத்தே மாநிலத்து நினோஹே நகரின் ஜோபோஜி பகுதியிலிருந்து வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தை ஜூன் முதல் இலையுதிர்காலம் வரை, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, முந்தைய கீறலுக்கு மேல் சற்று நீளமாகக் கீறுகின்றனர். ஒரு பருவம் முழுதும் உழைத்தால் ஒரு மரம் தருவது சுமார் 200 கிராம். அத்துடன் மரத்தை வெட்டிவிடுகின்றனர். அம்முறைக்குப் பெயரே 'கொல்லும் கீறல்'!

கொடுமை என்று தோன்றுவது இயல்பே. ஆனால் வெட்டிய மரத்தின் அடியிலும் வேரிலும் புதுத்தளிர் எழும். அது நிழலைத் தாங்காது. கொடிகள் படர்ந்தால் மடியும். களையெடுக்கவும் கொடியறுக்கவும் ஒரு மனிதர் இருந்தால்தான் மரமாகும். அம்மனிதர் ஏன் வருகிறார்? பயன் கருதித்தான். செயற்கைப் பூச்சுகளும் மலிவான இறக்குமதியும் பரவியபோது கீறுவோர் குறைந்தனர், நடுவோரும் குறைந்தனர். கத்தி விலகியதால் தோப்பு செழிக்கவில்லை, அருகியது. சுவாங்சுவின் கணக்கு இங்கே தலைகீழாகிறது.

2015இல் ஜப்பானின் பண்பாட்டு முகமை, தேசியச் செல்வங்களும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளுமான கட்டடங்களின் பழுதுபார்ப்புக்கு 2018 முதல் உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டுமென அறிவித்தது. நோக்கத்தை வரவேற்கிறோம், ஆயினும் மூன்றாண்டு அவகாசத்தில் பதினைந்தாண்டு மரத்தை எவரும் வளர்த்துவிட முடியாது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஜப்பானிய மரக்கட்டடப் பாதுகாப்புக் கலைகளுள் உருஷி உற்பத்தியும் ஒன்று. பட்டியல் பெருமை தரும், நாற்று தராது. கோயிலின் தூணுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இன்னும் பால் தராத கன்றுக்கு ஆண்டுதோறும் களையெடுப்பவரின் கூலிக்கு ஒதுக்க வேண்டும் என்பதே நம் கருத்து. கீறுகத்தி அடிக்கும் கொல்லரும் அரிதாகிவிட்டனர். அவர்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

விதையிலிருந்தே தொடங்கும் வேலை இது. உருஷி விதையின் மேல் மெழுகு படிந்திருக்கும்; அதை நீக்காமல் ஊன்றினால் எளிதில் முளைப்பதில்லை. அதற்கும் ஆள் வேண்டும்.