யார் கையில் கத்தரிக்கோல்?

1936இல் டொரோதியா லாங் மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஒரு படம் எடுத்தார். தோட்டத்துக் கங்காணி, வெள்ளைக்காரன், கார் பம்பர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து மிதப்பாக நிற்கிறான். பின்னால் கடைத் திண்ணையில் கறுப்பின உழைப்பாளிகள் ஐந்து பேர். பெருமந்த காலத்து வறுமையைப் பதிவு செய்ய அமெரிக்க அரசாங்கமே சம்பளம் கொடுத்து எடுக்கவைத்த படங்களில் ஒன்று. அந்தப் படங்கள் இன்று மியூசியங்களின் பெருமை.

1938இல் ஆர்ச்சிபால்ட் மெக்லீஷ் என்கிற கவிஞர் தன் புத்தகத்தில் இதைப் போட்டார். ஐந்து பேரையும் வெட்டி எறிந்துவிட்டு! கங்காணி மட்டும் மிச்சம். சுதந்திர அமெரிக்கனின் பிம்பமாகிவிட்டான். புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? 'லேண்ட் ஆஃப் த ஃப்ரீ' – சுதந்திரர்களின் நாடு. நானும் கவிதை எழுதுகிறவன்தான், கூசுகிறது.

'மனிதநேயக் கலை' என்று உருகுகிற தோழர்களே, இது ஏதோ ஒரு கவிஞரின் கைப்பிசகு இல்லை. படமெடுப்புத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் 1937இல் லாங்குக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்: குத்தகை விவசாயிகளில் இரண்டு நிறத்தாரையும் எடுங்கள், ஆனால் வெள்ளையருக்கு அழுத்தம் கொடுங்கள், அதுதான் அதிகம் பயன்படும் என்று. ஆக, பசிக்கும் நிறம் பார்த்துத்தான் இரக்கம். பத்திரிகைக்காரனும் வாசகனும் யாரைப் பார்த்தால் அழுவான் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாச்சு.

உலகமே கொண்டாடுகிற 'புலம்பெயர்ந்த தாய்' மட்டும் என்ன? 1936, கலிஃபோர்னியாவின் நிப்போமோ, பட்டாணி பறிக்கிறவர்களின் முகாம். படக்குறிப்பில் வயது இருக்கிறது, ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயர் இல்லை. லாங் கேட்கவே இல்லை. வெள்ளைத் தாயின் துயரமாக உலகம் அதைப் பார்த்தது. 1978இல்தான் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற செரோக்கி பழங்குடிப் பெண் என்பது வெளியே வந்தது. பேங்க் கவுண்டரில் பெயரில்லாத வவுச்சரை நான் பாஸ் பண்ண முடியாது. இந்தப் படம் பெயரில்லாமலே 42 வருஷம் செலாவணியானது. அவருக்கு அதில் சல்லிக்காசு வரவில்லை. 1983இல் இறந்தார். 1998இல் ஒரு பிரதி 2,44,500 டாலருக்கு ஏலம் போனது.

கேட்டிருக்க முடியாதா? அதே திட்டத்தில் 1942இல் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் கேட்டாரே! வாஷிங்டன் அரசு அலுவலகத்தில் தரை துடைத்த பெண்ணோடு பேசினார், வீட்டுக்குப் போனார், அவர் கும்பிடும் சர்ச்சுக்குப் போனார். அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு நிறுத்திப் படமெடுத்தார். எல்லா வாட்சன் என்ற பெயர் அந்தத் தொடரின் படக்குறிப்புகளில் இருக்கிறது.

வெட்டாத படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஐந்து பேரையும் சட்டகத்துக்குள் வைத்தது லாங்தான், அதை மறுக்கவில்லை. எந்த மியூசியம் அதை மாட்டினாலும் பக்கத்திலேயே 1938இல் வெட்டின பக்கத்தையும் மாட்டட்டும். வெட்டினவர் பெயரையும் போட்டு.