சென்ட்டுக்கு 69 ரூபாய்!



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அது போதாதென்று சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீரை நள்ளிரவில் தென்பெண்ணையில் திறந்து விட்டார்கள். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. கொடுத்திருக்கலாம், தூங்குகிறவன் காதில் விழுந்ததா என்பதுதான் நம் கேள்வி. விழுப்புரம், கடலூர் ஆற்றோர ஊர்களில் விடிந்து பார்த்தால் நெல்லும் கரும்பும் உளுந்தும் தண்ணிக்குள்ளே கிடந்தன.

அரசு அறிவித்த நிவாரணம் என்ன? 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500. ஹெக்டேர் கணக்கில் சொன்னால் பெரிய தொகையாகத் தெரியும். நாம் என்ன ஹெக்டேரிலா உழுகிறோம்? ஏக்கருக்குப் பிரித்தால் 6,880 ரூபாய். சென்ட்டுக்கு 69 ரூபாய். 40 சென்ட் வைத்திருப்பவருக்கு 2,750 ரூபாய். நடவுக் கூலிக்கே காணாது.

இதே தமிழ்நாட்டில் 2021 ஜனவரி மழைக்கும் 2023 பிப்ரவரி மழைக்கும் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்கள். உரம், டீசல், ஆள் கூலி எல்லாம் ஏறிய பிறகு 2024-இல் நமக்கு மட்டும் 3,000 குறைந்தது எப்படி? மத்திய அரசின் விதி 17,000 தான் என்கிறார்கள். விதிக்கு மேலே மாநில அரசு தன் பணத்தைப் போட்டுக் கொடுக்கலாம், முன்பு கொடுத்தது. மத்திய அரசும் யோக்கியமில்லை. மாநிலம் உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. டிசம்பர் 6-ஆம் தேதி வந்த 944.80 கோடி, எப்படியும் வர வேண்டிய பேரிடர் நிதித் தவணைதான். 2025 ஏப்ரலில் கூடுதலாக ஒப்புதல் தந்தது 522.34 கோடி. இவரைக் கேட்டால் அவரைக் காட்டுகிறார், அவரைக் கேட்டால் இவரைக் காட்டுகிறார்.

அடுத்து இந்த 33 சதவீதம். அதை அளப்பது யார்? கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் வரப்பில் நின்று பார்க்கிறார்கள். பயிர் பச்சையாக நிற்கிறதே, சேதமில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கதிர் வாங்கும் நேரத்தில் நாலு நாள் மூழ்கிய பயிர் பச்சையாகத்தான் நிற்கும். அறுக்கும்போதுதான் பாதிக்குப் பாதி பதர் என்று தெரியும். அப்போது பட்டியல் முடிந்துவிட்டது என்பார்கள். ஆகவே தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவை, அறுப்புக்கு முன் ஒரு தடவை, இரண்டு கணக்கெடுப்பு வேண்டும். பட்டியலைக் கிராமசபையில் வாசிக்கவும் வேண்டும்.

குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம். உழுதவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில். பணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது. நல்ல மனசுக்காரர் கொடுப்பார், எல்லாரும் கொடுப்பார்களா? அடங்கலில் சாகுபடி செய்தவர் பெயரை ஏற்ற வேண்டும், பணம் அவருக்கே போக வேண்டும். வந்த பணத்தையும் பழைய கடனுக்கு வரவு வைக்கும் வங்கிகளை நாம் விடப்போவதில்லை.

முக்கியமாக ஒன்று. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தரலாம் என்று 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதியிலேயே இருக்கிறது. ஆறு திசைமாறி நிலத்தையே அடித்துப் போனால் 47,000. இது பயிர் நிவாரணத்திலிருந்து வேறானது. நம்மில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னார்கள்? இடுப்பளவு மணலைச் சொந்தக் காசில் ஜேசிபி வைத்து அள்ளியவர்கள் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாவிட்டால் போட்டோ இருந்தாலும் போதும், மனுவோடு இணைக்கலாம்.

வரும் விவசாயிகள் குறைதீர் நாளன்று ஆட்சியர் அலுவலகம் முன்பு திரளுகிறோம். விடுபட்டவர்கள் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலோடு முந்தின நாளே கிளைச் செயலாளரைப் பாருங்கள். மனு எழுதித் தருகிறோம், காசு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பெண்கள் பேரில் பட்டா இருந்தால் அவர்களையே அழைத்து வாருங்கள்.