துப்பாக்கியின் பெயர் ஒன்று, பிறந்த ஊர் வேறு!

கல்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தி பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. பறிமுதல் செய்த குழல்களை வரிசையாக அடுக்கிப் போலீசார் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நீண்ட இரும்புக் குழல், மரக்கட்டை, வாய் வழியே மருந்தையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கும் பழைய ரகம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கும்பினிப் பட்டாளம் தோளில் சுமந்து வந்த துப்பாக்கியின் ஜாதிதான் இது.

அந்தப் பழைய ஜாதிக்கு இன்று உலக மார்க்கெட்டில் நல்ல கிராக்கி! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய யுத்தங்களை உடுப்பு மாட்டி நடித்துக் காட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அதற்குப் பழைய துப்பாக்கிகளின் நகல் வேண்டும். அவற்றைச் செய்கிறவர்கள் யார்?

1853-ம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். கொழுப்புத் தடவிய அதன் தோட்டாதான் 1857 சிப்பாய்ப் புரட்சிக்குத் தீப்பொறியாயிற்று. என்பீல்டு என்பது லண்டன் அருகேயுள்ள ஊர். அங்கிருந்த சர்க்கார் தொழிற்சாலை 1988-ல் மூடப்பட்டது. இன்று என்பீல்டு நகலை விற்பது 1957-ல் இத்தாலியின் கார்தோனே நகரில் தோன்றிய பெதர்சோலி கம்பெனி. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் ஸ்பிரிங்பீல்டு நகலும் இத்தாலியச் சரக்குதான். வின்செஸ்டரின் அமெரிக்கத் தொழிற்சாலை 2006-ல் கதவடைத்தது. அதன் பழைய மாடல்கள் இன்று ஜப்பானின் மிரோக்கு ஆலையில் தயாராகி, வின்செஸ்டர் முத்திரையோடு அமெரிக்காவுக்குப் போகின்றன.

இத்தாலியச் சரக்கு விலை அதிகம். மலிவாக வேண்டுமென்றால்? இருக்கவே இருக்கிறது இந்தியா! பிரிட்டிஷ் பட்டாளத்தின் "பிரௌன் பெஸ்" நகல் வட இந்தியப் பட்டறைகளில் உருவாகிக் கப்பலேறுகிறது. அதில் ஒரு தந்திரமும் உண்டு. மருந்துக்கு நெருப்புப் போகும் சின்னஞ்சிறு துளையை இடாமலே அனுப்புகிறார்கள். துளை இல்லாதவரை அது அலங்காரப் பொருள். கடல் கடந்தபின் துளையிட்டால் துப்பாக்கி! துப்பாக்கியில் இருப்பது பிரிட்டிஷ் ராஜமுத்திரை. அதை அடித்து, அராவி, மெருகேற்றிய தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை.

சரித்திரத்தின் கேலியைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கும்பினி தன் பட்டாளத்துக்காக இங்கிலாந்தில் செய்வித்த மலிவு ரகத்துக்கு "இந்தியா மாதிரி" என்று பெயர். 1790-களில் பிரான்சோடு யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் சர்க்காரே அதை வாங்கிக்கொண்டது. அன்று இந்தியப் பெயரைச் சுமந்த துப்பாக்கி இங்கிலாந்தில் பிறந்தது. இன்று இங்கிலாந்தின் பெயரைச் சுமக்கும் துப்பாக்கி இந்தியாவில் பிறக்கிறது. இரண்டு காலத்திலும் லாபம் வியாபாரிக்கே!

இனி மலைக்கு வருவோம். பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, 1801 டிசம்பரில் கும்பினி தென்னாட்டு மக்களின் ஆயுதங்களைப் பறிக்கப் பிரகடனம் செய்தது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியனிடம் லைசென்ஸ் கேட்டது. வெள்ளையனுக்கு விலக்கு அளித்தது. அதன் இடத்தில் 1959-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 திருத்தத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

கள்ளத் துப்பாக்கி ஆபத்தானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மருந்து கையிலேயே வெடிக்கும். இருட்டில் பன்றி என்று மனிதனைச் சுட்டுவிடும். அது ஒழிய வேண்டும். ஆனால் அது ஏன் மலையில் உயிர் வாழ்கிறது? மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் கொல்லையில் காட்டுப்பன்றி ஓர் இரவு புகுந்தால் போதும், பல மாத உழைப்பு மண்ணோடு மண்! பயிரைக் காக்க இத்தகைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று அதே சட்டத்தின் 13-வது பிரிவே சொல்கிறது. ஆனால் 1972 வனவிலங்குச் சட்டம் அனுமதியில்லாமல் பன்றியைச் சுடவிடாது. ஒரு சட்டம் கையில் கொடுப்பதை இன்னொரு சட்டம் பிடுங்கிக்கொள்கிறது. மலையாளிப் பழங்குடி விவசாயி என்ன செய்வான்?

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின்புதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மக்களின் வாழ்க்கை நிலையை விசாரிக்கத் தொடங்கியது. அதுவரை இந்த மலைக்கு அதிகமாக ஏறிப் பழகியது போலீஸ் ஜீப்தான்!

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. பன்றி அழித்த பயிருக்குத் தாமதமின்றி நஷ்டஈடு கொடு! 2006 வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பட்டா கொடு! குழல் அடிக்கத் தெரிந்த கைகளுக்கு, கலப்பையும் அரிவாளும் அடிக்கும் கூட்டுறவுப் பட்டறை கொடு!

வடக்கே பட்டறைத் தொழிலாளிக்குப் பெயர் இல்லை. இங்கே மலைக் கொல்லனுக்குக் குற்றவாளி என்ற பெயர் மட்டுமே உண்டு. இரும்பை வளைக்கும் கைக்கு மரியாதையான வேலை கிடைக்கும் நாளில், துப்பாக்கி தானாகவே கீழே இறங்கும்.